'அவசரம்' என்றால் அனுமதியா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 'மல்லி' என்னும் சொல் நமக்குக் கொத்தமல்லியாகவும், சிங்களவருக்குத் தம்பியாகவும், தமிழ்நாட்டுப் பூக்கடையில் மல்லிகையாகவும் இருப்பதைப் பற்றி ஒரு கேள்விக்கு நான்கு வரியில் விடை எழுதியிருந்தோம். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதே போல, ஒரே சொல் இடத்துக்கிடம் வேறு பொருள் தருவதைப் பற்றியனவாக இருந்தமையால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம். கேள்விகள் பெரும்பாலும் இலங்கையின் வன்னியிலிருந்தே வந்தவை.

கேள்வி: காணி அலுவலாக ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும், 'அவசரம்' என்றேன். வாசலில் நின்ற உத்தியோகத்தர் மரியாதையாகத் தலையசைத்து உள்ளே போகச் சொன்னார். அவருக்குத் தமிழே தெரியாது என்பது பிறகுதான் தெரிய வந்தது. அப்படியானால் நான் சொன்னது அவருக்கு என்னவென்று விளங்கியிருக்கும்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: நீங்கள் மிகுந்த பணிவோடு அனுமதி கேட்டதாகவே அவருக்கு விளங்கியிருக்கும். சிங்களத்தில் 'அவசரய' என்றால் அனுமதி. பௌத்த துறவிகளோடு பேசத் தொடங்கும்போது சிங்களவர் 'அவசரயி' என்று சொல்வதும் அந்த மரியாதையின் பாற்பட்டதே. நாம் சொல்லும் அவசரத்துக்கு அவர்களிடம் 'ஹதிசி' என்ற வேறு சொல் உண்டு. நீங்கள் அந்தச் சொல்லைத் தெரிந்து சொல்லியிருந்தால், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஹதிசிதான் என்ற விடை கிடைத்திருக்கவும் கூடும்.

இந்தச் சொல்லின் பயணம் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. வடமொழியில் 'அவசர' என்பதற்குத் தக்க தருணம், வாய்ப்பு என்பனவே பொருள். இந்தியிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய அந்தப் பொருளே இன்றும் நிற்கிறது. ஒரு மலையாளி 'அவசரம் கிடைத்தது' என்றால் அவருக்கு நல்ல வாய்ப்பு ஒன்று வந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். தெலுங்கில் அது 'தேவை' ஆயிற்று. 'அவசரம் இல்லை' என்று தெலுங்கர் சொன்னால், ஆறுதலாகச் செய்யலாம் என்பதல்ல, அந்தப் பொருளே வேண்டாம் என்பதே கருத்து. கன்னடத்திலும் தமிழிலும் அது பதற்றமாகவும் விரைவாகவும் மாறிவிட்டது. சிங்களத்தில் அனுமதி.

ஆறு மொழிகளில் இத்தனை வேறுபாடு எப்படி வந்தது என்று பார்த்தால், எந்த மொழியும் கண்ணை மூடிக்கொண்டு தாவிவிடவில்லை என்பது தெரியும். தருணம் என்பது ஒருவருக்கு வாய்ப்பதாகவும், மேலிருப்பவர் மனமிரங்கிக் கொடுப்பதாகவும், தவறவிட்டால் போய்விடுவதாகவும், ஒன்று தேவைப்படும் நேரமாகவும் இருக்கலாம். கொடுக்கப்படும் தருணத்தைப் பிடித்துக்கொண்ட மொழியில் அது அனுமதி ஆகிறது. தவறிப்போகும் தருணத்தைப் பிடித்துக்கொண்ட மொழியில் அவசரம் ஆகிறது. இரவல் வாங்கும் மொழி ஒரு சொல்லின் எல்லாப் பொருளையும் சுமந்துகொண்டு வருவதில்லை. தனக்கு வேண்டிய ஒரு முனையை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு அதைத் தன் போக்கில் வளர்த்துவிடுகிறது.

இதற்குத் துணையாக 'அவகாச'த்தையும் பாருங்கள். நாம் கடன்காரரிடம் அவகாசம் கேட்கிறோம். அது காலத் தவணை. இந்தியில் அது விடுமுறை. மலையாளத்தில் உரிமை, மனித உரிமையை அவர்கள் 'மனுஷ்யாவகாசம்' என்பர். இடைவெளி என்ற ஒரே கருவிலிருந்துதான் இவை எல்லாம் பிரிந்தன.

இடையில் ஒன்று. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்குவிதிகளை நாம் 'அவசரகாலச் சட்டம்' என்கிறோம். 'கால' என்பது சிங்களத்திலும் காலமே ஆகையால், தமிழறியாத சிங்களவர் ஒருவரின் காதில் இது 'அனுமதிக் காலச் சட்டம்' என்று விழ வாய்ப்புண்டு. எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளை நினைத்தால், அந்தப் பெயரும் பொருந்தாமல் போகவில்லை.

கேள்வி: நான் மிதிவெடி அகற்றும் பணியில் இருக்கிறேன். எங்களோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுகிறார். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையில் 'அபாயம்' என்பதை வாசித்துவிட்டு, 'நரகம் என்றா எழுதி வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார்?
– வாசகர், பளை

பதில்: சிங்களத்தில் 'அபாய' என்றால் நரகம் என்பதனால் கேட்டார். பலகைக்கு அப்பால் கிடப்பதைக் கருதினால், அவருடைய வாசிப்பைப் பிழை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இந்தச் சொல்லின் அடிப்பொருள் 'விலகிப் போதல்'. அதிலிருந்து இழப்பு, அழிவு என்ற பொருள்கள் வடமொழியிலேயே ஏற்பட்டுவிட்டன. அருகே செல்லுதல் என்ற பொருளில் பிறந்த 'உபாயம்' இதற்கு நேர் எதிரானது. ஒன்று காரியத்தை நெருங்கும் வழி, மற்றது கைவிட்டுப் போதல். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகள் அழிவு வரக்கூடிய நிலையை இச்சொல்லால் குறித்தன. சிங்களத்துக்கோ இது பௌத்த சமயத்தின் வழியே சென்றது. பாளி நூல்கள் நல்வினையிலிருந்து விலகிய உயிர்கள் சென்று பிறக்கும் நான்கு இழிநிலைகளை 'அபாய' என்கின்றன. நரகம், விலங்குப் பிறப்பு, பேய்ப் பிறப்பு, அசுரப் பிறப்பு என்பன அவை. பேச்சு வழக்கில் நான்கும் சுருங்கி நரகம் மட்டும் எஞ்சியது. ஆகவே நீங்கள் இருவரும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறீர்கள். உங்களுடையது ஊர் வழியாக வந்தது, அவருடையது விகாரை வழியாகப் போனது.

உங்கள் தொழிற்சொல் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். காலால் மிதித்தால் வெடிப்பதை 'மிதிவெடி' என்றும், வாகனங்களுக்காகப் பாதையில் புதைப்பதைப் பெரும்பாலும் 'கண்ணிவெடி' என்றும் நாம் பிரித்துச் சொல்கிறோம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இரண்டுமே கண்ணிவெடிதான். 'வெடி' மட்டும் தனியே வந்தால், அங்கே அது தீபாவளிக்குக் கொளுத்துவது. நம்மிடத்தில் 'வெடி கேட்டது' என்றால் பட்டாசு என்று எவரும் முதலில் நினைப்பதில்லை. சிங்களத்திலும் 'வெடி' துப்பாக்கிச் சூட்டையே குறிக்கும்.

கேள்வி: என் மருமகன் தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, திரும்பி வந்தவர். மாரியில் ஒலிபெருக்கியில் 'குளத்தின் வான் கதவுகள் திறக்கப்படவுள்ளன' என்று அறிவித்தபோது, வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறப்பதைப் போலவா என்று கேட்டார். இந்த 'வான்' எது?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: குளம் நிரம்பி மேலதிக நீர் வெளியேறும் இடமே இந்த வான். முத்தையன்கட்டோ இரணைமடுவோ 'வான் பாயுது' என்றால், அணைக்கட்டுக்குக் கீழே வயல் வைத்திருப்பவர் அன்றிரவு உறங்கமாட்டார். சிங்கள விவசாயியும் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்: 'பிட்டவான' என்பது நீர் வழிந்தோடும் இடம், வான் கதவை 'வான் தொரட்டுவ' என்பர். தமிழ்நாட்டில் இதற்குக் 'கலிங்கு' என்ற சொல் உண்டு. தென்மாவட்டங்களில் குளம் 'மறுகால் பாய்ந்தது' என்பர். உங்கள் மருமகன் அறிந்த வான் ஆகாயம் மட்டுமே. ஆகவே அவர் சொர்க்கத்தை நினைத்ததில் வியப்பில்லை.

வீதியில் ஓடும் வான் வேறு. அது ஆங்கிலேயர் 'கரவான்' என்ற பாரசீகச் சொல்லின் தலையை வெட்டி வாலை வைத்துக்கொண்டதால் கிடைத்தது. ஒட்டகக் கூட்டமாய்ப் பாலைவனத்தைக் கடந்த வணிகரின் சொல் இப்போது பரந்தன் சந்தியில் ஆளேற்றிக்கொண்டு நிற்கிறது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தத் தளபதி ரைக்லோஃப் வான் கூன்ஸ் பெயரிலுள்ள வான், 'இன்ன இடத்தைச் சேர்ந்த' என்று பொருள்படும் ஓர் இடைச்சொல். துருக்கியின் மிகப்பெரிய ஏரிக்கும் வான் என்றே பெயர். ஏரி என்பதைக் கண்டு, அது நம் குளத்து வானிலிருந்து போனது என்று எவரும் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: ஜேர்மனியில் பிறந்த என் பேத்தி தொலைபேசியில் என்னை 'ஓமா?' என்கிறாள். நான் 'ஓம், ஓம்' என்கிறேன். அவள் திரும்பவும் 'ஓமா?' என்கிறாள். அது மட்டுமல்ல, தன் தாயை 'மாமா' என்கிறாள். என் மகன், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஓடி வருகிறான். பிள்ளைக்கு முறை சொல்லிக் கொடுக்கவில்லையா?
– அம்மம்மா ஒருவர், மல்லாவி

பதில்: முறை சரியாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அம்மா. ஜேர்மன் மொழியில் 'ஓமா' என்றால் பாட்டி. பிள்ளை உங்களைக் கூப்பிடுகிறாள். நீங்களோ அவள் எதையோ உறுதிப்படுத்தக் கேட்கிறாள் என்று எண்ணி, ஆம் என்று விடை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்கள் விடையும் பொருத்தமானதே, ஏனெனில் நீங்கள் அவளுக்கு ஓமாதான்.

நம் 'ஓம்', 'ஆம்' என்பதன் இன்னொரு வடிவம். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை உடன்பாட்டுக்கு ஆள்வதில்லை. அங்கே 'ஓம்' என்றால் பிரணவ மந்திரம் மட்டுமே. அதனால் இங்கிருந்து சென்று 'ஓம், ஓம்' என்று தலையாட்டுபவரைக் கண்டு, இவர் ஏன் ஓயாமல் மந்திரம் சொல்கிறார் என்று அங்குள்ளோர் திகைப்பதுண்டு. ஆயினும் சாந்தோக்கிய உபநிடதம் அந்த மந்திர எழுத்தைக்கூட இசைவு தெரிவிக்கும் எழுத்து என்றும், ஒருவன் ஒன்றுக்கு இசையும்போது 'ஓம்' என்றே சொல்கிறான் என்றும் கூறுகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இனி மாமா. ஜேர்மனியில் 'மாமா' தாய். நமக்குத் தாயின் உடன்பிறந்தவர். சிங்களத்திலும் அவரே, ஆனால் நெடிலைக் குறிலாக்கி 'மம' என்றால், 'நான்' என்று பொருள். ஜோர்ஜியா என்னும் நாட்டு மொழியில் 'மாமா' என்பது தந்தை. தாய்க்கு அவர்கள் இட்ட பெயர் 'தெத'. இந்தக் குழப்பத்துக்கு மொழியியலறிஞர் ரோமன் யாக்கோப்சன் 1960ஆம் ஆண்டளவில் ஒரு விளக்கம் எழுதினார். வாயை மூடித் திறந்தாலே பிறந்துவிடும் ஒலிகள் குழந்தைக்கு முதலில் வருகின்றன. பால் குடிக்கும் குழந்தையின் முணுமுணுப்பும் 'ம்' என்னும் மூக்கொலியாகவே அமைகிறது. குழந்தைக்கு அப்போது எவரையும் அழைக்கும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள்தான் 'என்னைத்தான் கூப்பிடுகிறது' என்று அதற்குப் பொருள் வைத்துவிடுகிறார்கள். உங்கள் மகன் செய்வதும் அதுவே.

பேத்தி வளர்ந்து பொதி அனுப்பத் தொடங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே ஒரு புட்டியில் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தால், ஆங்கிலத்தில் போலப் பரிசு என்று எண்ணித் திறந்துவிட வேண்டாம். ஜேர்மன் மொழியில் அது நஞ்சு. இரண்டும் 'கொடு' என்ற ஒரே வேரில் பிறந்தவையே. 'கொடுக்கப்பட்ட மருந்தளவு' என்பது அங்கே கெட்ட வழியில் போய்விட்டது. சீதனத்துக்கு அவர்கள் இட்ட பெயரிலும், 'மிட்கிஃப்ட்' என்று, இந்தச் சொல் இருக்கிறது. அதைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் சொல்லப் போவதில்லை.

கேள்வி: பழைய திரைப்படங்களில் மனைவியைச் 'சம்சாரம்' என்கிறார்கள். எங்கள் ஊர் விகாரைப் பிக்கு பிறவிச் சுழற்சியையும் சம்சாரம் என்கிறார். இரண்டுக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், துணுக்காய்

பதில்: மனைவி முன்னிலையில் இதைக் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். சேர்ந்து ஓடிக்கொண்டிருத்தல் என்பதே மூலப்பொருள். அதனால் அது முதலில் உலக வாழ்வு. இந்தியில் 'சன்சார்' இன்றும் உலகமே. உலக வாழ்வு இல்வாழ்வாகச் சுருங்கித் தெலுங்கிலும் கன்னடத்திலும் குடும்பம் ஆயிற்று. தமிழ் இன்னும் ஒரு படி இறங்கி, இல்லத்துக்குரியவளையே குறித்தது. கரிசல் காட்டுப் பக்கத்தில் 'சம்சாரி' என்றால் விவசாயி. மலையாளத்திலோ 'சம்சாரம்' பேச்சு. கேரளத்தில் ஒருவர் உங்களோடு சம்சாரிக்க விரும்பினால் அஞ்ச வேண்டியதில்லை. கடல் கடந்த பிறகு சொல்லின் முகமே வாடிவிட்டது: மலாய் மொழியில் 'செங்சாரா' துன்பம், தாய்லாந்தில் 'சொங்சான்' இரக்கப்படுதல். பிறவித் துன்பம் என்ற பௌத்தக் கருத்து அங்கு நிழலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் எவரும் மனைவியைச் சம்சாரம் என்பதில்லை, 'மனுசி' என்பார்கள். தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணும் மனுசிதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கட்டாரில் வேலை செய்தபோது, உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரருக்கு இரணைமடுவின் படத்தைக் காட்டி 'குளம்' என்றேன். முகம் வெளிறிப் போய்விட்டார். அவர்கள் மொழியில் 'குலம்' என்றால் சூனியமாம். மலேசிய நண்பரோ நீர்நிலையைக் 'கோலம்' என்கிறார். இரண்டுமே நம் சொல்லிலிருந்து போனவைதானே? உலக மொழிகளுக்கெல்லாம் தமிழ்தானே வேர்?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: மலேசியருடையது நம்முடையது, பிலிப்பைன்ஸ்காரருடையது நம்முடையதன்று. இதைச் சொல்வதால் சிலருக்கு என்மேல் வருத்தம் வரும் என்பது தெரியும்.

மலாய் 'கோலம்' நீர்நிலையைத்தான் குறிக்கிறது. ஒலி நெருக்கமானது, பொருள் அதே பொருள், தமிழ் வணிகர் அந்தக் கரையில் நூற்றாண்டுகளாகப் புழங்கியதற்கு வரலாறும் உண்டு. அந்தச் சொல் தனியாகவும் போகவில்லை. கப்பல் அங்கே 'காப்பல்' ஆகவும், கடை 'கெடாய்' ஆகவும், சுருட்டு 'செருத்து' ஆகவும் இருக்கின்றன. கூட்டமாகப் போன சொற்கள் ஒன்றுக்கொன்று சாட்சி. சூனியத்துக்கும் குளத்துக்கும் இடையில் இப்படி எந்தப் பாலமும் இல்லை. மனித வாய் எழுப்பக்கூடிய ஒலிகள் சில. உலகில் மொழிகளோ பல ஆயிரம். சில சொற்கள் தற்செயலாக ஒன்றுபோல் ஒலிக்காவிட்டால்தான் அதிசயம்.

ஆங்கிலத்தின் 'ஒன்' நம் 'ஒன்று' என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் 'ஆன்' என்று ஒலித்தது. இலத்தீன் 'ஊனுஸ்' அதன் உறவு. இன்றைய ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு உறவு கொண்டாடுவது, பாட்டனைக் கேளாமல் பேரன்மாரின் முகச்சாயலைப் பார்த்துக் காணியைப் பிரிப்பதற்கு ஒப்பாகும். காசு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. கிழக்கு நாடுகளின் சிறு நாணயத்தை ஆங்கிலேயர் 'காஷ்' என்றது நம் காசிலிருந்தே. ஆனால் கையிலுள்ள ரொக்கத்தைக் குறிக்கும் 'காஷ்', பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றே, வழி வேறு. உண்மையாகவே நம்மிடமிருந்து சென்ற சொற்கள் போதுமான அளவுக்கு இருக்கையில், மற்றவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டிய வறுமை தமிழுக்கு இல்லை.

கேள்வி: 'கச்சேரி' சென்னையில் பாட்டு, கிளிநொச்சியில் படிவம். எது சரி?
– வாசகி, கரடிப்போக்கு

பதில்: இந்துஸ்தானி மொழியில் அது நீதிமன்றம், அலுவலகம். அதன்படி பார்த்தால் படிவந்தான் மூத்தது. இரண்டிலும் நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஒற்றுமையையும் மறுப்பதற்கில்லை.

கேள்வி: நான் உயர்தர மாணவி. இத்தகைய சொற்களை நானே தேடிப் பார்க்க எந்த அகராதியை நாட வேண்டும்?
– மாணவி, வவுனியா

பதில்: தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அயல்மொழியிலிருந்து வந்த சொற்களுக்கு மூலத்தையும் அடைப்புக்குறிக்குள் தருகிறது. திராவிட மொழிகளிடையே ஒரு சொல் எவ்வாறு திரிந்திருக்கிறது என்று காண விரும்பினால், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பைப் பாருங்கள். இவ்விரண்டையும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். பேரகராதியில் ஒரு சொல்லுக்கு எண்ணிட்டுத் தரப்படும் பொருள்களில் முதலாவதோடு நின்றுவிடாமல் கடைசி எண் வரை வாசியுங்கள். நமது பேச்சில் வழங்கும் பொருள் பல இடங்களில் அங்கேதான் ஒதுங்கி இருக்கும், பக்கத்தில் யாழ்ப்பாண வழக்கு என்ற குறிப்போடு.